வீடியோ டெக் (விசிஆர்) படம் ரெக்கார்ட் ஆகுது, ஆனா திரையில லைவா தெரியலை (பிடி878 கார்டு, டெபியன் 12)

பெரம்பூர்_வீடியோ:

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர்ல சின்னதா ஒரு போட்டோ கடை வெச்சிருக்கேன். அப்பா காலத்துல கல்யாண வீடியோ கவரேஜ்தான் எங்க பொழப்பே. அன்னிக்கு எடுத்த கேசட்டையெல்லாம் இப்ப அவங்க பசங்க தூக்கிட்டு வந்து "பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க"ன்னு கேக்கறாங்க. அறுபதாம் கல்யாணம் வருதுன்னா யாராவது ஒருத்தர் பையோட வந்து நிப்பாங்க.

செட்டப் இதுதான். கோர் டூ டியோ மெஷின், மதர்போர்டுலயே இன்டெல் கிராபிக்ஸ். பிசிஐ ஸ்லாட்ல ஒரு பிடி878 டிவி கார்டு. ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சாமான் கடையில கிடைச்சது, மேல பேரு ஊரு எதுவும் கிடையாது. டெக்கோட மஞ்சள் பின் (படம்) கார்டு காம்போசிட்ல, வெள்ளையும் சிவப்பும் (சத்தம்) ஒரு கன்வெர்ட்டர் வயர் வழியா மதர்போர்டோட நீல லைன்-இன்ல.

டெபியன் லினக்ஸ் 7 போட்டிருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. எக்ஸ்ஏடிவி-ங்கற டிவி புரோகிராம்ல படம் ஓடிட்டே இருக்கும், பக்கத்துல ரெக்கார்டும் ஆகும். ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, புதுசு வாங்கி டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். இப்ப நிலவரம்:

எக்ஸ்ஏடிவி திறந்தா ஜன்னல் வருது, உள்ள கும்மிருட்டு. ரூட்ல (எல்லா அனுமதியும் உள்ள யூசர்) ஓட்டிப் பார்த்தேன், மெஷின் அப்படியே உறைஞ்சுபோச்சு. மவுஸ்கூட நகரலை, பவர் பட்டனை அழுத்தித்தான் நிறுத்தினேன்.

டிவிடைம்ங்கற இன்னொரு டிவி புரோகிராம் திறந்தா முழு நீலம், நடுவுல "நோ சிக்னல்".

எஃப்எஃப்எம்பெக்-ங்கற ரெக்கார்டிங் புரோகிராம்ல பிஏஎல் (நம்ம ஊர் வீடியோ ஸ்டாண்டர்டு), இன்புட் 1 (காம்போசிட்)-னு குடுத்து ரெக்கார்ட் பண்ணினா மட்டும் கலரோட, சத்தத்தோட ஃபைல் பிரமாதமா வருது.

கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) லாக்ல கார்டு பேரு "அன்நோன்/ஜெனரிக், கார்டு 0"-னு காட்டுது. சரியான கார்டு நம்பர் குடுத்தா படம் வருமோன்னு லிஸ்ட்ல வரிசையா ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துட்டு இருக்கேன்.

ரெக்கார்ட் ஆகுதே, லைவ் எதுக்குன்னு கேப்பீங்க. கேசட் குடுக்கறவங்க பாதிப் பேர் நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. "மாப்பிள்ளை அழைப்புல இருந்து போடுங்க, பந்தியை விட்டுடுங்க, அந்த மாமா முகம் வந்தா சொல்லுங்க, அவர் இப்ப இல்லை"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. படம் தெரியாம அந்த வேலை நடக்காது.

இளங்கன்று:

ப்ரோ, உங்க யூசரை "வீடியோ" குரூப்ல சேர்த்தீங்களா? சேர்க்கலைன்னா கார்டுக்கான /டெவ்/வீடியோ0 ஃபைலைத் திறக்கவே முடியாது. சேர்த்துட்டு ஒரு தடவை லாக்-அவுட் பண்ணி உள்ள வாங்க, சரியாயிடும்.

பெரம்பூர்_வீடியோ:

சேர்த்தாச்சு ப்ரோ. அதே யூசர்லதான் ரெக்கார்ட் ஆகுது.

நங்கநல்லூர்_பிசிஐ:

தம்பி, ஃபைல்ல படம் சரியா விழுதுன்னா கார்டு, டிரைவர், வயர், டெக், பர்மிஷன் அஞ்சும் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுங்களை இனிமே தொடாதீங்க. படம் மெஷினுக்குள்ள வர்றது ஒரு வேலை, உள்ள வந்ததைத் திரையில காட்டறது வேற வேலை. உங்களுக்கு ரெண்டாவதுதான் மக்கர் பண்ணுது. அதுலயும் கறுப்புக்கும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை, ரெண்டும் தனித்தனிக் கேஸ்.

நீலத்தை முதல்ல முடிச்சுடலாம். டிவிடைம் தானா திறக்கும்போது இன்புட் 0-ஐப் பார்க்கும், ஸ்டாண்டர்டு என்டிஎஸ்சி-ன்னு (அமெரிக்கா முறை) நினைச்சுக்கும். இன்புட் 0-ங்கறது கார்டு மேல இருக்கற அந்தத் தகர டப்பா, அதாவது சேனல் பிடிக்கற ட்யூனர். அதுல நீங்க ஒண்ணும் சொருகலை, அதனால "நோ சிக்னல்"னு அது உண்மையைத்தான் சொல்லுது. ஓடிட்டு இருக்கும்போதே ஐ எழுத்தை அழுத்துங்க, இன்புட் மாறும். பிஏஎல்-ஐ செட்டிங்ஸ்ல ஒரு தடவை போட்டுட்டா ஞாபகம் வெச்சுக்கும்.

அந்த டப்பாவுக்கு நம்ம ஊர்ல இனிமே வேலையும் இல்லை. 2003 செப்டம்பர்ல சென்னையில காஸ் (கட்டணச் சேனலைப் பூட்டி வைக்கற கேபிள் முறை) வந்தப்ப கட்டணச் சேனலுக்கு மட்டும்தான் பாக்ஸ் தேவைப்பட்டுது, இலவசச் சேனலெல்லாம் கேபிள் வயரை நேரா கார்டுல சொருகினாலே வந்துட்டு இருந்தது. நானே வேலையில இருந்தப்ப மதியம் சாப்பாட்டு நேரத்துல கிரிக்கெட் ஸ்கோர் அப்படித்தான் பார்ப்பேன். இப்ப கேபிள் முழுக்க டிஜிட்டல். அதனால கார்டு நம்பர் தேடற வேலையையும் விட்டுடுங்க. அந்த நம்பர் பெரும்பாலும் எந்த ட்யூனர், ஆடியோ எந்த வழின்னு டிரைவருக்குச் சொல்லத்தான். மலிவுக் கார்டுகள்ல தன் பேரைச் சொல்ற சின்ன மெமரி சிப்பே வெச்சிருக்க மாட்டாங்க, அதான் "ஜெனரிக்"னு வருது. உங்களுக்குக் காம்போசிட் வேலை செய்யுது, ஆடியோ கார்டு பக்கமே போகலை. 0-வே போதும். கண்ட நம்பரைப் போட்டா இப்ப ஓடற இன்புட்டும் இடம் மாறிடும்.

இப்ப கறுப்பு. இதுக்குக் கொஞ்சம் பழைய கதை பேசணும்.

பிஏஎல் படம் ஒரு ஃபிரேமுக்கு 720-க்கு 576. ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 ஃபிரேம். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு 2 கோடி பைட்டுக்கு மேல வரும். 90-கள்ல இருந்த பென்டியம் சிபியு அதை வாங்கி, நிறம் மாத்தி, திரைக்கு அனுப்பறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். அதனால சிபியுவையே விட்டுட்டாங்க. எக்ஸ்ஏடிவி டிரைவர்கிட்ட "கிராபிக்ஸ் கார்டோட மெமரி இந்த விலாசத்துல ஆரம்பிக்குது, ஒரு வரிக்கு இத்தனை பைட், என் ஜன்னல் இந்த இடத்துல இருக்கு"ன்னு சொல்லிடும். டிவி கார்டு பிசிஐ பஸ் வழியா நேரா அங்கயே படத்தை எழுதிடும். பஸ்ஸோட கொள்ளளவு நொடிக்கு 133 எம்பி, அதனால தாராளமா நடந்தது. இதுக்குப் பேர்தான் ஓவர்லே. தபால்காரர் வாசல்ல குடுக்காம, வீட்டுக்குள்ள வந்து மேசை மேலயே கடுதாசியை வெச்சுட்டுப் போற மாதிரி.

இப்ப அந்த மேசை அங்க இல்லை. இன்னிக்கு டெஸ்க்டாப்ல ஒவ்வொரு ஜன்னலும் மறைவா ஒரு தனி மெமரியில வரையப்படுது, அப்புறம் கிராபிக்ஸ் சிப் எல்லாத்தையும் அடுக்கி ஒரு படமாக்கித் திரைக்கு அனுப்புது. திரை மெமரி எங்க இருக்குங்கறதே கெர்னல் கையில, அது இடம் மாறிட்டும் இருக்கும். எக்ஸ்ஏடிவி குடுக்கற விலாசத்துல டிவி கார்டு எழுதினா நல்லபடியா நடந்தா ஒண்ணும் தெரியாது. கெட்டபடியா நடந்தா வேற யாரோட மெமரி மேலயோ எழுதிடும். சாதாரண யூசருக்கு அந்த விலாசத்தை மாத்த அனுமதி இல்லை, அதனால உங்களுக்குக் கறுப்போட நின்னுது. ரூட்டுக்கு அனுமதி உண்டு, அதனால மெஷினே உறைஞ்சது. இனிமே ரூட்ல ஓட்டாதீங்க, ஒரு நாள் ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிடும்.

ஓவர்லேயைத் திரும்பக் கொண்டுவர வழி தேடவும் வேண்டாம். 2023-ல கெர்னல்ல இருந்தே அதை எடுத்துட்டாங்க. உங்க கெர்னல் 6.1-ல இன்னும் ஒட்டிட்டு இருக்கு, டெபியன் 13-ல அதுவும் இல்லை.

செய்ய வேண்டியது: எக்ஸ்ஏடிவி-யே வேணும்னா "ரிமோட்"ங்கற ஆப்ஷனோட திறங்க. திரை வேற மெஷின்ல இருக்குன்னு நினைச்சு ஓவர்லேயைத் தொடாது, ஃபிரேமை மெமரிக்கு வாங்கி சாதாரணமா வரையும். ஆனா நான் எம்பிவி-ங்கற பிளேயரைத்தான் சொல்லுவேன். ஏவி://வி4எல்2:/டெவ்/வீடியோ0-னு குடுத்தா திறக்கும். அதுக்கு முன்னாடி வி4எல்2-சிடிஎல்-ங்கற கார்டு செட்டிங் கருவியை வெச்சு இன்புட் 1, ஸ்டாண்டர்டு பிஏஎல்-னு ஒரு தடவை போட்டுடுங்க. கை அசையறப்ப ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு வந்தா எம்பிவி-ல டி எழுத்தை அழுத்துங்க, டி-இன்டர்லேஸ் ஆகும், அந்தக் கோடு போயிடும்.

மின்ட்_மெக்கானிக்:

எதுக்கு சார் இம்மாம் பெரிய ராமாயணம்? டெக் பின்னாடி ஆர்எஃப் அவுட்னு ஒண்ணு இருக்கும். ஏவி அவுட் ஓடும்போதே அதுலயும் படம் வரும். பழைய குண்டு டிவி ஒண்ணை அதுல மாட்டி, சேனலைத் தேடி வெச்சுட்டா முடிஞ்சுது வேலை. கஸ்டமர் டிவியைப் பார்க்கட்டும், கம்ப்யூட்டர் பாட்டுக்கு ரெக்கார்ட் பண்ணட்டும். நைட்டு வாடகைக்கு டெக் எடுத்துப் படம் பார்த்த காலத்துல எல்லா வீட்லயும் அப்படித்தானே மாட்டினோம்.

பெரம்பூர்_வீடியோ:

மெக்கானிக் அண்ணா, யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா டிவியில தெரியறது டெக் குடுக்கற படம். கம்ப்யூட்டர்ல என்ன விழுதுன்னு அதுல தெரியாதே. போன மாசம் ஒரு வளைகாப்புக் கேசட்ல மஞ்சள் பின் லூசாகி நடுவுல கறுப்பு வெள்ளையா போயிடுச்சு. அதனால கார்டு வழியா வர்றதைத்தான் பார்க்கணும். டிவிக்கு மேசையில இடமும் இல்லை, லேமினேஷன் மெஷின் உக்காந்திருக்கு.

நங்கநல்லூர் சார், ஐ அழுத்தினதும் டிவிடைம்ல படம் வந்துடுச்சு! எம்பிவி-லயும் வருது, ஆனா ஒண்ணு ரெண்டு செகண்ட் பின்தங்கி வருது. டெக்ல பாஸ் அழுத்தினா திரையில கொஞ்சம் கழிச்சுத்தான் நிக்குது. இன்னொண்ணு, எம்பிவி ஓடும்போது ரெக்கார்ட் ஆரம்பிச்சா "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி"ன்னு வருது. பழைய டெபியன்ல ரெண்டும் ஒண்ணா ஓடுச்சே?

நங்கநல்லூர்_பிசிஐ:

ஓடும் தம்பி, அதுதான் ஓவர்லேயோட சௌகரியம். திரைக்குப் போற படம் தனி வழி, ஃபைலுக்குப் போறது தனி வழி, டிரைவர் ரெண்டையும் ஒரே நேரத்துல விடும். இப்ப நீங்க பார்க்கறதும் ஃபைலுக்கு எடுக்கறதும் ஒரே குழாய்ல வர்ற ஃபிரேம். முதல்ல யார் பிடிச்சாங்களோ அவங்களுக்குத்தான். டிரைவர் மேல குத்தம் இல்லை.

அதனால ஒருத்தரே பிடிச்சு ரெண்டு பேருக்கும் பங்கு போடணும். எஃப்எஃப்எம்பெக் ஒரே கட்டளையில ரெண்டு அவுட்புட் குடுக்கும். முதல் அவுட்புட் உங்க ஃபைல், இப்ப பண்றபடியே இருக்கட்டும். ரெண்டாவது, படத்தை 360-க்கு 288-ஆ சின்னதாக்கி, எம்பெக்2-வா சுருக்கி, யூடிபி (நெட்வொர்க்ல அனுப்பற ஒரு முறை) வழியா 127.0.0.1-க்கு, அதாவது அதே மெஷினுக்கே அனுப்புங்க. எம்பிவி அந்த விலாசத்தைத் திறந்து காட்டும். கோர் டூ டியோவுக்கு இது பெரிய சுமை இல்லை.

பைப்புல (ஒரு புரோகிராமோட அவுட்புட்டை நேரா இன்னொண்ணுக்குக் குடுக்கறது) சொருகினா இன்னும் சுலபம்னு யாராவது வந்து சொல்லுவாங்க. சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: பைப்புல எம்பிவி ஜன்னலை யாராவது மூடிட்டா எஃப்எஃப்எம்பெக்குக்கு எழுத இடம் இல்லாம போயி ரெக்கார்டும் அதோட நின்னுடும். உங்க கடையில நாற்காலி போட்டு உக்காந்திருக்கறவங்க மவுஸைத் தொடாம இருப்பாங்களா? யூடிபி-ல அனுப்பறவர் பாட்டுக்கு அனுப்பிட்டே இருப்பார், கேக்க ஆள் இருக்கா இல்லையான்னு கவலைப்பட மாட்டார். ஜன்னலை மூடலாம், திறக்கலாம், ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

பின்தங்கறதுக்கு எம்பிவி-ல "லோ-லேடன்சி" புரொஃபைலும் "அன்டைம்டு" ஆப்ஷனும் போடுங்க. ஒரு துளி தாமதம் மிஞ்சும், கல்யாண கேசட்டுக்கு அது பரவாயில்லை.

தாம்பரம்_லேப்டாப்:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்கிட்ட பிசிஐ ஸ்லாட் கிடையாது, லேப்டாப்தான். "ஈஸிகேப்"னு யூஎஸ்பி-ல ஒண்ணு வாங்கினேன். படம் கறுப்பு வெள்ளையா, மேல இருந்து கீழ உருண்டுட்டே ஓடுது. நண்பர் ஒருத்தர் அதே டப்பா, அதே கலர் வெச்சிருக்கார், அவருக்கு அருமையா வருது. எனக்கு டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?

நங்கநல்லூர்_பிசிஐ:

அந்த டப்பாவுல ஒரிஜினல்னு எதைச் சொல்றது! ஒரே பிளாஸ்டிக்குள்ள நாலஞ்சு விதமான சிப் வருது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில ஐடி நம்பரைப் பாருங்க. 05இ1:0408-னா எஸ்டிகே1160 சிப், அதே பேர்லயே டிரைவர் இருக்கு. 1பி71:3002-னா யூடிவி007, அதுக்கு "யூஎஸ்பிடிவி" டிரைவர், 2013-ல கெர்னல் 3.11-ல வந்தது. உங்களுக்குப் படம்னு ஏதோ வருது, அதனால டிரைவர் கிடைச்சாச்சு. கறுப்பு வெள்ளை, உருளல் ரெண்டும் சேர்ந்து வந்தா ஸ்டாண்டர்டு தப்பா இருக்குன்னு முதல்ல சந்தேகப்படணும். யூஎஸ்பிடிவி தானா என்டிஎஸ்சி-லதான் ஆரம்பிக்கும். அது 525 வரியை எதிர்பார்க்குது, உங்க டெக் 625 வரி அனுப்புது, எப்படி நிக்கும்? வி4எல்2-சிடிஎல்-ல பிஏஎல் போடுங்க.

டப்பாவை லேப்டாப்லயே நேரா சொருகுங்க, ஹப் வேண்டாம். நொடிக்கு 20 எம்பி சுருக்காம வருது, அதே ஹப்ல பென்டிரைவும் இருந்தா ஃபிரேம் நடுநடுவுல விட்டுப்போகும்.

பெரம்பூர் தம்பிக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்காவுல இருந்து வந்த கேசட் என்டிஎஸ்சி-ல இருக்கும். நம்ம ஊர் டெக் சிலது அதை ஓட்டும், ஆனா வெளிய அனுப்பறது 60 ஹெர்ட்ஸ்ல பிஏஎல் கலரோட ஒரு கலப்படம். பிடி878-ல அதுக்கு "பிஏஎல்-60"-னு தனி ஸ்டாண்டர்டே இருக்கு, அதைப் போடுங்க.

வலசரவாக்கம்_பிஎஸ்டி:

ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம்) ஆளுங்க யாராவது படிச்சா அவங்களுக்காக: இதே பிடி878-க்கு பிஎஸ்டி பக்கம் பிகேடிஆர்-னு டிரைவர், பார்க்க எஃப்எக்ஸ்டிவி-ன்னு புரோகிராம் இருந்தது. அதுவும் இதே மாதிரி நேரா கிராபிக்ஸ் மெமரியில எழுதற ஜாதிதான், அதனால இதே கறுப்பு அங்கயும் உண்டு. யூஎஸ்பி டப்பான்னா வெப்கேம்டி போடுங்க, லினக்ஸ் டிரைவரையே யூசர் பக்கத்துல ஓட்டி /டெவ்/வீடியோ0-வைக் குடுத்துடும். அதுக்கப்புறம் எம்பிவி சமாச்சாரமெல்லாம் அப்படியே பொருந்தும்.

தாம்பரம்_லேப்டாப்:

1பி71:3002. பிஏஎல் போட்டதும் கலர் வந்துடுச்சு, உருளல் நின்னுடுச்சு. நன்றி சார்.

பெரம்பூர்_வீடியோ:

யூடிபி வழி ஜம்முனு ஓடுது சார். இன்னிக்குக் காலையில ஒரு அம்மா 1994 ரிசப்ஷன் கேசட் கொண்டுவந்தாங்க, கூட வந்த பேரன் ஜன்னலை மூடி மூடித் திறந்தான், ரெக்கார்டுக்கு ஒண்ணும் ஆகலை.

ரெண்டு சின்னக் குறை. படத்தோட அடியில ஒரு பட்டை மட்டும் கலைஞ்சு நெளியுது, எல்லா கேசட்லயும். "எங்க வீட்டு டிவியில இப்படி வராதே"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. இன்னொண்ணு, பூஞ்சை பிடிச்ச கேசட்ல படத்தோட மேல் பக்கம் கொடி மாதிரி வளையுது.

மின்ட்_மெக்கானிக்:

அடியில நெளியறது எல்லா டெக்லயும் இருக்கும் தம்பி, ரிப்பேர் இல்லை. டிரம்ல (டெக்குக்குள்ள சுத்தற உருளை) நாடாவைப் படிக்கற ஒரு ஹெட்டு முடிஞ்சு அடுத்த ஹெட்டு பிடிக்கற இடம் அது. பழைய டிவி படத்தோட ஓரத்தை ஃபிரேமுக்குள்ள மறைச்சுடும், அதனால யார் கண்ணுக்கும் பட்டதில்லை. கம்ப்யூட்டர் முழுசா காட்டுது.

பூஞ்சை கேசட்டை அப்படியே டெக்ல போடாதீங்க, ஹெட்டு அடைச்சுக்கும், அடுத்த கேசட்டும் கெட்டுப்போகும். முதல்ல அந்தக் கேசட்டைச் சுத்தம் பண்ணுங்க. ஹெட்டைத் துடைக்கறப்ப ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட ஷாமி லெதரை (மெத்துனு இருக்கற துடைக்கற தோல்) டிரம் மேல வெச்சு அசையாம பிடிங்க, டிரம்மை மட்டும் கையால சுத்துங்க. மேலும் கீழும் தேய்ச்சா ஹெட்டு உடைஞ்சுடும்.

நங்கநல்லூர்_பிசிஐ:

மெக்கானிக் சொல்றது சரி. அடிப் பட்டையை ரெக்கார்ட்ல வெட்டாதீங்க, பென்டிரைவுக்கு எடுக்கற கடைசி ஃபைல்ல மட்டும் கீழ ஒரு 8 வரியைக் கறுப்பா மூடிடுங்க. வெட்டினா 576 போயி அளவு கோணலாகும்.

மேல வளையறதுக்கு, சுத்தம் பண்ணின பிறகும் இருந்தா, வி4எல்2-சிடிஎல்-ல கன்ட்ரோல் லிஸ்ட்டை எடுங்க. "விசிஆர் ஹேக்"னு ஒண்ணு இருக்கும். ஒத்திசைவு தள்ளாடற கேசட்டுக்குன்னே பிடி878-ஓட பிடிடிவி டிரைவர்ல வெச்சது. 1 போட்டுப் பாருங்க. நல்ல கேசட் போடும்போது மறக்காம 0-வுக்கு மாத்திடுங்க.